மெலிந்த உடலும் மீளும் எடையும்: உணவை மறுக்கும் நோயின் வரலாறு

வெள்ளாற்றின் ஒரு கரையில் திட்டக்குடி, மறுகரையில் லெப்பைக்குடிக்காடு. சற்றுக் கிழக்கே, களிமண்ணைச் சூளையில் சுட்டுப் பீங்கானாக்கும் விருத்தாசலம். ஆறு மேலும் ஓடிப் பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. இந்த ஆற்றங்கரை ஊர்களில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு பிள்ளை மெலியத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதை நாம் அறிவோம். முதலில் "வளரும் வயது" என்போம். பிறகு இஞ்சிக் கஷாயம். பிறகு இரத்தப் பரிசோதனை, சளிப் பரிசோதனை, குடற்பூச்சி மருந்து. அதற்கும் பிறகு ஓதிப் பார்த்தல், தண்ணீர் ஓதிக் கொடுத்தல். வளைகுடாவில் இருக்கும் அத்தா கைப்பேசித் திரையில் மகளின் முகத்தை மட்டும் பார்க்கிறார். முழங்கையும் தோள்பட்டையும் அவர் கண்ணில் படுவதில்லை. இப்படியே ஓராண்டு கழிந்துவிடும்.

பிள்ளையோ தட்டிலுள்ள சோற்றை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே இருக்கிறாள். "பசிக்கவில்லை" என்கிறாள். "வயிறு உப்புசமாக இருக்கிறது" என்கிறாள். ரமலான் முடிந்த பிறகும் நோன்பை நிறுத்த மனமில்லாமல் இருக்கிறாள். அதைக் கண்டு "எவ்வளவு பேணுதலான பிள்ளை" என்று உறவினர் மெச்சுகிறார்கள்.

அனோரெக்சியா நெர்வோசா என்று மருத்துவம் பெயரிட்டிருக்கும் நோய் இப்படியும் வரும். பணக்கார நாடுகளில் அழகுக்காகப் பட்டினி கிடக்கும் பெண்களின் நோய் இது என்று பலர் நினைக்கிறார்கள். இதன் வரலாற்றைப் படித்தால் அந்த எண்ணம் மாறும்; எடை ஏன் இந்த நோயின் மையத்தில் நிற்கிறது, இழந்த எடை எவ்வாறு மீள்கிறது, எடை மீண்டால் மட்டும் போதுமா என்பனவும் விளங்கும்.

இப்னு சீனாவும் உண்ண மறுத்த இளவரசரும்

கி.பி. 12ஆம் நூற்றாண்டில் நிஜாமி அரூஸி எழுதிய பாரசீக நூலான "சஹார் மகாலா"வில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. புவைஹ் அரச குலத்து இளைஞர் ஒருவர், தம்மை ஒரு மாடு என்று நம்பத் தொடங்கினார். தம்மை அறுத்து ஹரீஸா சமைக்கும்படி நாள்தோறும் கத்தினார். உணவை விட்டார், மருந்தை மறுத்தார், உடல் உருகிப்போனது. வைத்தியர்கள் கைவிட்டனர். அப்போது அமைச்சுப் பொறுப்பில் இருந்த இப்னு சீனாவிடம் (980–1037) செய்தி போயிற்று.

"அறுப்பவர் வருகிறார்" என்று இளைஞருக்கு முதலில் சொல்லச் செய்தார் இப்னு சீனா. பிறகு கையில் கத்தியோடு தாமே வந்தார். இளைஞரைக் கிடத்தி, விலா எலும்புகளைத் தடவிப் பார்த்தார். இந்த மாடு மிகவும் மெலிந்திருக்கிறது, இப்போது அறுப்பதற்கில்லை, தீனி கொடுத்துக் கொழுக்க வையுங்கள் என்று சொல்லி எழுந்து போனார். அன்று முதல் இளைஞர் கொடுத்ததை எல்லாம் உண்டார். உணவோடு மருந்தும் சேர்ந்தது. ஒரு மாதத்தில் மனம் தெளிந்தது என்று முடிகிறது அந்நிகழ்ச்சி.

அந்த இளைஞருக்கு இருந்தது அனோரெக்சியா அன்று; அது கடும் மனமயக்கம். ஆயினும் அன்றைய மருத்துவர்கள் இரண்டு உண்மைகளைக் கண்டிருந்தார்கள் என்பது இதனால் தெரிகிறது. உணவை மறுப்பது வயிற்றின் நோயாக இல்லாமல் உள்ளத்தின் நோயாகவும் இருக்கலாம் என்பது ஒன்று. உடலுக்கு முதலில் உணவு சேர்ந்தால்தான் உள்ளத்துக்கான சிகிச்சை பிடிக்கும் என்பது மற்றொன்று. இப்னு சீனாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அபூ ஸைத் அல்பல்கீ (850–934) உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் இரு பகுதிகளாக வைத்து எழுதியிருந்தார். ஒன்று நோயுற்றால் மற்றொன்றும் வாடும் என்பது அவர் நிலைப்பாடு. மனநோய்க்கு மருத்துவம் தேடுவதை ஈமானின் குறைவு என்று கருதுவோர், நம் முன்னோர் அப்படிக் கருதவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பட்டினி புனிதமாகப் போற்றப்பட்ட காலம்

மத்திய கால ஐரோப்பாவில் உணவை மறுத்த இளம்பெண்கள் சிலர் புனிதர்களாக மதிக்கப்பட்டனர். இத்தாலியின் சியன்னா நகரத்துக் கேத்தரின் (1347–1380) அவர்களுள் பெயர் பெற்றவர். இளமையிலேயே உணவைக் குறைத்துக்கொண்டே வந்த அவர், 33ஆம் வயதில் இறந்தார். இத்தகையோரின் வரலாற்றை ஆராய்ந்து ருடால்ஃப் பெல் என்ற வரலாற்றாசிரியர் 1985இல் ஒரு நூல் வெளியிட்டார். உணவைத் துறந்தவரைச் சுற்றியிருந்தோர் வியந்து போற்றினர். அந்த வியப்பே அவர் திரும்பி வரும் வழியை அடைத்தது.

நம் மார்க்கத்தின் நிலை இதில் தெளிவானது. இரவிலும் உண்ணாமல் தொடர்ந்து நோன்பிருப்பதை நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குத் தடுத்தார்கள். நாள்தோறும் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களை அழைத்து, அவருடைய உடலுக்கும் அவர் மீது உரிமை உண்டு என்று உணர்த்தினார்கள். உச்ச வரம்பாக, ஒரு நாள் நோன்பு ஒரு நாள் விடுப்பு என்ற தாவூத் (அலை) அவர்களின் முறையைக் காட்டினார்கள். அந்தச் சலுகையை இன்னும் கூடுதலாக ஏற்றிருக்கலாமே என்று அப்துல்லாஹ் (ரலி) முதுமையில் ஏங்கியதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. அபுத் தர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்கு விருந்தாளியாகச் சென்ற ஸல்மான் (ரலி), நோன்பிருந்த அவரைத் தம்மோடு உண்ணச் செய்ததும், அதை நபி (ஸல்) அவர்கள் சரிகண்டதும் நாம் அறிந்ததே.

இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) "இஹ்யா"வில் பசியின் சிறப்புகளை விரிவாக எழுதியிருப்பது உண்மை. ஆனால் அதே பகுதியின் முடிவில், வயிற்றின் பாரமும் தெரியாமல் பசியின் வேதனையும் தெரியாமல் இருக்கும் நடுநிலையே நோக்கம் என்கிறார். முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு ஒரு பதினாறு வயதுப் பெண்ணிடம் அதை ஒப்புவிப்பது அவருக்கும் நியாயமன்று, அப்பெண்ணுக்கும் நியாயமன்று.

எலும்புருக்கி என்று எண்ணிய நாட்கள்

மெலிவு என்றாலே எலும்புருக்கி, அதாவது காசநோய், என்று அஞ்சிய காலம் எங்கும் இருந்தது. இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் 1689இல் எலும்புருக்கி நோய்களைப் பற்றி இலத்தீனில் ஒரு பெருநூல் எழுதினார். அதில், நுரையீரலில் குறை ஏதுமின்றி, இருமலும் காய்ச்சலுமின்றி மெலிந்துபோன இருவரைத் தனியே குறிப்பிட்டார். ஒருவர் 18 வயதுப் பெண். 1684 ஜூலையில் அவருக்கு மாதவிலக்கு நின்றது. இரவு பகலாகப் புத்தகத்தில் மூழ்கியிருந்தார். தோல் போர்த்த எலும்புக்கூடாகத் தம் முன் வந்த அப்பெண்ணுக்கு மார்ட்டன் மருந்துகள் கொடுத்தார். சிறிது குணம் தெரிந்ததும் அவர் மருந்தை வெறுத்து ஒதுக்கினார்; மூன்று மாதங்களில் மயங்கி விழுந்து இறந்தார்.

மற்றவர் ஒரு பாதிரியாரின் 16 வயது மகன். கடும் படிப்பும் மனக்கலக்கமும் அவர் பசியைத் தின்றுவிட்டன. படிப்பை நிறுத்தி, கிராமத்துக்குச் சென்று, பாலுணவு உண்டு, குதிரையேறி வருமாறு மார்ட்டன் அறிவுறுத்தினார். அவர் பெருமளவு தேறினார். இந்நோயின் முதல் மருத்துவப் பதிவுகளிலேயே ஓர் ஆண்பிள்ளையும் இருக்கிறார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

82 பவுண்டிலிருந்து 128 பவுண்டுக்கு

நோய்க்குப் பெயர் கிடைக்க ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. 1873இல் பாரிஸில் சார்ல் லசேக் என்ற மருத்துவரும், அதே ஆண்டு லண்டனில் சர் வில்லியம் கல் என்ற மருத்துவரும் தனித்தனியே இதை விவரித்தனர். அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயர் கல் கொடுத்தது. பசியின்மை என்று பொருள்படும் அப்பெயர் பொருத்தமானதன்று. நோயாளிக்குப் பசி இருக்கிறது. பெரும்பாலும் கடுமையாகவே இருக்கிறது. அதற்கு இடம் கொடுக்க உள்ளம் அஞ்சுகிறது.

கல் பதிவு செய்த முதல் பெண்ணுக்கு வயது 17. உயரம் 5 அடி 5 அங்குலம். 1866 ஜனவரியில் அவரைக் கண்டபோது எடை 82 பவுண்டு, அதாவது 37 கிலோ. 33 பவுண்டு இழந்திருந்தார். ஏறத்தாழ ஓராண்டாக மாதவிலக்கு இல்லை. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 56, மூச்சு 12. எலும்பும் தோலுமான அந்த நிலையிலும் ஓரிடத்தில் அமராமல் நடந்துகொண்டே இருந்தார். நோய் தெரியாதவர்களை ஏமாற்றும் குறி இது: இவ்வளவு சுறுசுறுப்பாக இருப்பவருக்கு என்ன நோய் இருக்க முடியும் என்று வீட்டார் தேற்றிக்கொள்வார்கள்.

கல் வகுத்த சிகிச்சை எளியது. உடலுக்கு வெப்பம், ஓய்வு, நோயாளியின் விருப்பத்தைக் கேளாமல் குறுகிய இடைவெளியில் சிறிது சிறிதாக உணவு. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1868 மார்ச்சில், அப்பெண்ணின் எடை 128 பவுண்டு, அதாவது 58 கிலோ. இன்றைய கணக்கில் சொன்னால் அவருடைய உடல் நிறை குறியீடு 13.6இலிருந்து 21.3க்கு உயர்ந்தது. வயது வந்தோருக்கு 18.5க்குக் கீழ் இருந்தால் எடை குறைவு. அனோரெக்சியாவில் 15க்குக் கீழ் இருந்தால் மிகக் கடுமையான நிலை என்பது 2013இல் வெளியான அமெரிக்க மனநல வகைப்பாட்டின் அளவு. அத்தகைய நிலையிலிருந்தும் ஒருவர் மீண்டார். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

பிற்பாடு ஒரு தடுமாற்றமும் நேர்ந்தது. 1914இல் ஜெர்மன் மருத்துவர் மோரிஸ் சிம்மண்ட்ஸ், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அழிந்தால் உடல் மெலியும் என்று எழுதினார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், மெலிந்த பெண்கள் பலருக்குச் சுரப்பிச் சாறு கொடுக்கப்பட்டது. உள்ளத்தைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. 1930களில்தான் இரண்டும் வெவ்வேறு என்று தெளிவாயிற்று. பரிசோதனைச் சீட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டு அலையும் நம் பெற்றோருக்கு இதில் ஒரு பாடம் உண்டு.

சென்னை மாகாணத்துப் பஞ்சமும் மினசோட்டா ஆய்வும்

லண்டனில் கல் தம் கட்டுரையை வெளியிட்ட சில ஆண்டுகளில் நம் மண்ணில் இலட்சக்கணக்கானோர் உணவின்றி மடிந்தனர். 1876–78ஆம் ஆண்டுகளின் சென்னை மாகாணப் பஞ்சம் அது. திட்டக்குடி அப்போது தென்னார்க்காடு மாவட்டத்து விருத்தாசலம் வட்டத்தைச் சேர்ந்தது. பஞ்ச நிவாரணப் பணியில் உழைப்போரின் கூலியைக் குறைக்க 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் ஓர் அளவை வகுத்தார்: நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஒரு சிறு காசும். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இது உழைக்கும் உடலைத் தாங்காது என்று கடுமையாக வாதிட்டார். சில மாதங்களில் அரசு கூலியை உயர்த்த நேர்ந்தது. பஞ்சத்தில் இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து, உறுப்புகள் எப்படிச் சுருங்கின என்பதை அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற மருத்துவர் 1889இல் நூலாக்கினார்.

ஒரு பவுண்டு தானியம் என்பது ஏறத்தாழ 1,600 கலோரி. 1945இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய புகழ்பெற்ற பட்டினி ஆய்விலும் உணவின் அளவு ஏறத்தாழ அதுவேதான். போரில் ஆயுதம் ஏந்த மனமின்றி மறுத்த 36 இளைஞர்கள் அதற்குத் தாமாக முன்வந்தனர். உடலும் உள்ளமும் நலமாக உள்ளவர்களாகவே பொறுக்கி எடுக்கப்பட்டனர். 24 வாரங்கள் அரைப்பட்டினி இருந்து, உடல் எடையில் நான்கில் ஒரு பங்கை இழந்தனர்.

உடல் மெலிந்தது யாரும் எதிர்பார்த்ததே. உள்ளம் மாறியதுதான் வியப்பு. சிரித்துப் பேசியவர்கள் ஒதுங்கினர். எந்நேரமும் உணவைப் பற்றியே நினைத்தனர். சமையல் நூல்களைச் சேர்த்துப் படித்தனர். ஒரு வேளை உணவை இரண்டு மணி நேரம் நீட்டித் தின்றனர். தண்ணீரும் தேநீரும் அளவின்றிக் குடித்தனர். கோடையிலும் குளிர்ந்து நடுங்கினர். எரிச்சலும் சோர்வும் அழுகையும் வந்தன. இவர்கள் யாருக்கும் அனோரெக்சியா இல்லை. பட்டினி மட்டுமே இருந்தது.

கீஸ் குழுவினர் 1950இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட இந்த ஆய்வு, அனோரெக்சியாவைப் புரிந்துகொள்ளும் முறையையே மாற்றியது. பிள்ளையின் பிடிவாதம், தனிமை, சோற்றைப் பருக்கை பருக்கையாகப் பிரித்துத் தின்பது, பிறருக்கு ஆசையாகச் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் உண்ணாமலிருப்பது: இவற்றில் பல அவளுடைய குணம் அல்ல, பட்டினியின் விளைவு. எடை மீளாமல் இவை முழுதும் மாறா. எனவேதான் அறிவுரையும் ஆலோசனையும் தொடங்கும்போதே எடையையும் மீட்கத் தொடங்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். மாடென்று எண்ணிய இளவரசரை முதலில் உண்ண வைத்த இப்னு சீனாவின் வழியும் இதுவே.

அவசரமும் ஆபத்து

"அப்படியானால் இன்றே வயிறு நிறையக் கொடுத்துவிடுவோம்" என்று தோன்றும். இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், சிறை முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் பலர், பட்டினியைத் தாண்டி வந்த பிறகு, உணவு கிடைத்ததும் இறந்தனர். நீண்ட நாள் பட்டினிக்குப் பின் மாவுச்சத்து திடீரென மிகுதியாகச் சேர்ந்தால், இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை வேகமாக உயிரணுக்களுக்குள் போய்விடுகின்றன. இதயம் தடுமாறுகிறது, உடல் வீங்குகிறது, உயிரும் போகலாம். தயமின் என்னும் வைட்டமின் குறைந்திருந்தால் மூளையும் பாதிக்கப்படும்.

விருத்தாசலத்துச் சூளையில் வேலை செய்பவரைக் கேளுங்கள். பச்சை மண் பொருளுக்கு எடுத்த எடுப்பில் முழுச் சூட்டைக் கொடுத்தால் வெடித்துவிடும். சூட்டைச் சிறிது சிறிதாகத்தான் ஏற்ற வேண்டும். மிகவும் மெலிந்த உடலும் அப்படித்தான். ஆகவே எடை மிகக் குறைந்தவருக்கு உணவைக் கூட்டும் முதல் நாட்கள் மருத்துவமனையில், இரத்தப் பரிசோதனையோடு கழிய வேண்டும். அதன்பின் வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை எடை ஏறுவது மருத்துவமனைகளில் வைக்கும் வழக்கமான இலக்கு.

எடை மீளும் பாதையில் பெற்றோரைக் குழப்பும் சில மாற்றங்கள் உண்டு. முதல் நாட்களில் கால் வீங்கலாம். அதை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கொழுப்பு முதலில் வயிற்றுப் பகுதியில் சேரும். பிள்ளை அதைக் கண்டு கலங்குவாள். மீண்ட எடை நிலைத்து நின்றால், ஓராண்டளவில் அது உடலெங்கும் பரவிச் சமநிலைக்கு வரும். நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறவில்லையே என்று தோன்றும் கட்டமும் வரும். விழித்துக்கொண்ட உடல், சேர்ந்த உணவை வெப்பமாகச் செலவிடுவதே காரணம். வயதுக்கும் உயரத்துக்கும் உரிய எடையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டும்போது பெரும்பாலான பெண்களுக்கு மாதவிலக்கு சில மாதங்களில் திரும்புகிறது. எலும்பின் வலிமை மட்டும் முழுதாகத் திரும்பாமல் போகலாம். காலம் தாழ்த்தக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எடை ஏறியவுடன் நோய் முடிந்தது என்று எண்ணுவதும் தவறு. உடல் முன்னே நடக்கிறது, உள்ளம் பல மாதங்கள் பின்னே வருகிறது. பார்ப்பவர்கள் "இப்போதுதான் சதை பிடித்திருக்கிறாய்" என்று சொல்லும் அன்பான சொல்லே மீண்டும் தட்டை ஒதுக்க வைக்கும்.

நம் நாட்டில் இந்நோயின் முகம்

டெல்லி மனநல மருத்துவர்கள் 1995இல் ஐந்து இளம்பெண்களின் நோயை விவரித்தனர். அவர்களுக்கு உண்ண மறுப்பு, வாந்தி, கடும் மெலிவு, மாதவிலக்கு நிற்றல் எல்லாம் இருந்தன. ஆனால், தம் உடலைப் பருமனாகக் காணும் பிழையான எண்ணமோ, ஓயாத நடமாட்டமோ இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உண்ணும் கோளாறுடைய குழந்தைகளிடம் அவர்கள் மிகுதியாகக் கண்டது, உடற்காரணம் இல்லாமல் மனத்தால் வரும் வாந்தி. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மருத்துவரும், பல நோயாளிகள் "குண்டாகிவிடுவேன்" என்று சொல்லாமல் "வயிறு உப்பியிருக்கிறது" என்றே சொல்வதைப் பதிவு செய்தார்.

எனவே, "என் மகள் கண்ணாடி முன்னே நிற்பதே இல்லை, இந்த நோய் அவளுக்கு எப்படி வரும்" என்று தள்ளிவிடக் கூடாது. பர்தா அணியும் பிள்ளைக்கும் வரும். ஹிஃப்ழு மத்ரஸாவில் ஓதும் ஆண்பிள்ளைக்கும் வரும். தளர்ந்த உடை மெலிவை மறைத்துவிடவும் கூடும்.

குடும்பம்: காரணமா, மருந்தா?

உறவினரே மிக மோசமான பணியாளர்கள் என்ற கருத்து கல்லுக்கு இருந்தது. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைப்பது ஐரோப்பாவில் நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. பிறகு, தாயின் வளர்ப்பே குற்றம் என்ற பேச்சும் எழுந்தது.

நம் நாடு வேறு வழியில் சென்றது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளியோடு குடும்பத்தாரையும் கூடாரங்களில் தங்க வைத்தார். வேலூர் பாகாயத்தில் 1957இல் தொடங்கிய மனநல மையத்திலும் நோயாளியோடு குடும்பம் தங்குவது நெறியாயிற்று. பின்னர் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ஜெரால்ட் ரஸ்ஸல் குழுவினர் 1987இல் வெளியிட்ட ஆய்வு, இளவயதில் நோய் கண்டு அதிக காலம் ஆகாதவர்களுக்குக் குடும்பத்தோடு சேர்ந்த சிகிச்சை சிறந்த பயன் தருவதைக் காட்டியது. இன்று பல நாடுகளில் வளரிளம் பருவத்தினருக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் முறை அதுவே. பெற்றோர் குற்றவாளிகள் அல்லர். பிள்ளை தன் பொறுப்பில் உண்ணும் நிலைக்குத் திரும்பும்வரை உணவின் பொறுப்பை ஏற்றுக்கொள்பவர்கள். ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் அமர்ந்து, கோபமின்றி, பேரமின்றி, தட்டு காலியாகும்வரை உடனிருக்கிறார்கள்.

ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் பழக்கமுள்ள நமக்கு இது அந்நியமான மருந்தன்று.

நம் வீடுகளில் செய்ய வேண்டியவை

நோயாளியை உணவுக்கு வற்புறுத்த வேண்டாம் என்ற கருத்துடைய ஒரு ஹதீஸைச் சிலர் எடுத்துக்காட்டுவர். காய்ச்சல் போன்ற நோயோடு உடல் போராடும் நேரத்தைப் பற்றியே இப்னுல் கய்யிம் (இறப்பு 1350) தம் நபிவழி மருத்துவ நூலில் அதை விளக்குகிறார். உண்ணாமையே நோயாக இருக்கும்போது அதை இங்கே பொருத்துவது முறையாகாது. நோயாளிக்கும் துயருற்றோருக்கும் வாற்கோதுமைக் கஞ்சியான தல்பீனா மனத்துக்கு ஆறுதல் தரும் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக வந்திருப்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

நோயுற்றோர் நோன்பைப் பிற்படுத்தும் சலுகை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் இருக்கிறது. நம்பத்தகுந்த மருத்துவர் நோன்பு தீங்கு தரும் என்றால், அதை விடுவதும் கீழ்ப்படிதலே. இதைப் பிள்ளையிடம் பெற்றோர் சொல்வதைவிட ஊர் ஆலிம் ஒருவர் கனிவாகச் சொன்னால் அவளது குற்ற உணர்வு குறையும். ரமலானில் அவளுக்கு ஓதலும் திக்ரும் ஸதகாவும் இருக்கின்றன. பகலில் அவள் உண்பதை யாரும் ஏளனமாகப் பார்க்காமல் காப்பது வீட்டாரின் கடமை.

மயக்கம், விழித்திருக்கும்போதே நிமிடத்துக்கு 50க்குக் குறைந்த நாடித்துடிப்பு, சில்லிட்ட கைகால், முகத்திலும் முதுகிலும் மெல்லிய பூனைமுடி, மூன்று மாதம் நின்றுபோன விலக்கு, கால் வீக்கம், உண்டபின் உடனே கழிவறைக்குப் போதல்: இவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். இரத்தப் பரிசோதனை சரியாக வந்துவிட்டது என்று ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். கடும் மெலிவிலும் அது சில நேரம் சரியாகவே வரும். முதலில் பொது மருத்துவரிடம் எடை, நாடி, இரத்த அழுத்தம், இதய வரைபடம். பிறகு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. 2022 முதல் இயங்கும் டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே அழைத்து வழி கேட்கலாம். துஆவும் ஓதுதலும் இவற்றோடு சேர்ந்து நடக்கட்டும். இவற்றுக்குப் பதிலாக அன்று.

மனநோய்களுள் உயிரிழப்பு மிகுந்தவற்றில் இது ஒன்று. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஆண்டுக்கு ஆயிரம் நோயாளிகளில் ஏறத்தாழ ஐவர் இறக்கின்றனர். அந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை. அதே வேளையில் நம்பிக்கைக்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் பாஸ்டனில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியான ஆய்வில், 9 ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கினர் அளவிலேயே முழுக்குணம் பெற்றிருந்தனர். 22 ஆண்டுகளில் ஐவரில் மூவருக்கு மேல் மீண்டிருந்தனர். நெடுங்காலம் ஆனவர்களும் மீள்கிறார்கள். விரைவில் தொடங்கினால் விரைவில் மீளும் வாய்ப்பும் கூடும்.

1684இல் நோய் கண்ட பெண்ணுக்கு நோயின் பெயர் சொல்லக்கூட ஒருவர் இல்லை. 1866இல் வந்த பெண்ணுக்கு உணவின் அருமை தெரிந்த ஒரு மருத்துவர் கிடைத்தார். நம் பிள்ளைகளுக்கோ பெயர் தெரிந்த நோயும், வழி தெரிந்த மருத்துவமும், உடன் அமர்ந்து உண்ணும் குடும்பமும் இருக்கின்றன. இன்றிரவு சஹனைச் சுற்றி அமரும்போது, யாருடைய பக்கத்துச் சோறு குறையாமல் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம். பிள்ளைகளோ அதனினும் பெரிய அமானிதம். நோயுற்ற நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.